டெபியன் 13-க்கு மாற நினைப்பவர்களுக்கு: பென்டிரைவிலிருந்து தொடங்குங்கள்

2025 ஆகஸ்ட் 9 அன்று, லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் 13-ஆம் பதிப்பு வெளிவந்தது. அதன் செல்லப்பெயர் ட்ரிக்ஸி. முந்தைய பதிப்பான டெபியன் 12 வந்தது 2023 ஜூன் 10-இல். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து செதுக்கிய வேலை இது. லினக்ஸ் பக்கம் புதிதாக எட்டிப் பார்ப்பவர்களுக்கு டெபியனைப் பரிந்துரைக்க முன்பெல்லாம் எனக்குத் தயக்கம் இருந்தது. இந்தப் பதிப்பில் அது போய்விட்டது. ஏன் என்று சொல்லிவிட்டு, எப்படி மாறுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முன்பு இருந்த பெரிய தடை வைஃபை. பல லேப்டாப்களின் வைஃபை சில்லுக்குத் தனியுரிம ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் உள் மென்பொருள்) தேவைப்படும். கட்டற்ற மென்பொருளை மட்டுமே தருவது என்ற கொள்கையால் டெபியனின் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் அது இருக்காது. புதிதாக வந்தவர் நிறுவலின் நடுவில் இணையமே இல்லாமல் நிற்பார். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஃபர்ம்வேரை அதிகாரபூர்வக் கோப்பிலேயே சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். டெபியன் 12 அதை நடைமுறைப்படுத்தியது, 13 அப்படியே தொடர்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் 6.12 என்பதால், சில ஆண்டுகளுக்குள் வாங்கிய கணினிகளின் வன்பொருளையும் பெரும்பாலும் தானே அடையாளம் கண்டுகொள்கிறது.

இன்னொரு காரணம் காலம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய ப்ராசசரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. டெபியன் 13-க்கு மூன்று ஆண்டுகள் முழு ஆதரவு, அதன்பின் இரண்டு ஆண்டுகள் நீட்டித்த ஆதரவு, ஆக ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். உங்கள் கணினி 64-பிட் கணினியாக இருக்க வேண்டும். 32-பிட் பிசிக்களுக்கான நிறுவியையும் கெர்னலையும் இந்தப் பதிப்போடு டெபியன் நிறுத்திவிட்டது. விண்டோஸில் அமைப்புகளுக்குள் சிஸ்டம், அபவுட் என்று போனால் ப்ராசசர் எந்த வகை என்று காட்டும். கவனிக்க: 64-பிட் ப்ராசசரில் 32-பிட் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கலாம். ப்ராசசர் 64-பிட் என்றால் போதும்.

எதைப் பதிவிறக்குவது

டெபியனின் தளத்தில் இரண்டு வகை ஐஎஸ்ஓ கோப்புகள் (நிறுவல் கோப்புகள்) கிடைக்கும். ஒன்று நெட்இன்ஸ்ட். அளவில் சிறியது, மீதியை நிறுவும்போது இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். இன்னொன்று லைவ். சில ஜிபி இருக்கும், ஆனால் பென்டிரைவிலிருந்தே முழு டெஸ்க்டாப்பும் ஓடும். தளத்தின் முகப்பில் பளிச்சென்று தெரியும் பதிவிறக்கப் பொத்தான் நெட்இன்ஸ்ட் கோப்பைத்தான் தருகிறது. புதியவர்கள் அதைவிட்டு லைவ் கோப்பைத் தேடி எடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ஹார்ட் டிஸ்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், இந்த இயங்குதளம் உங்கள் கணினியில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க அது ஒன்றுதான் வழி.

லைவ் கோப்பிலும் பல டெஸ்க்டாப்கள், அதாவது திரைத் தோற்றங்கள், உண்டு. எட்டு ஜிபி ரேம் இருந்தால் க்னோம் 48 எடுக்கலாம். கண்ணை உறுத்தாத, கவனத்தைச் சிதறடிக்காத டெஸ்க்டாப் அது. ஆதரிக்கும் லேப்டாப்களில் பேட்டரியை முழுதும் ஏற்றாமல் 80 சதவீதத்தை ஒட்டி நிறுத்தும் வசதி இந்தப் பதிப்பில் வந்திருக்கிறது, எந்நேரமும் சார்ஜரில் செருகியே வைப்பவர்களுக்குப் பெரிய உதவி. விண்டோஸ் போலவே கீழே பட்டையும் மூலையில் மெனுவும் வேண்டும் என்றால் கேடிஈ பிளாஸ்மா 6.3 அல்லது சின்னமன். நான்கு ஜிபி ரேம்தான் இருக்கிறது, கணினியும் பழையது என்றால் யோசிக்கவே வேண்டாம், எக்ஸ்எஃப்சிஈ 4.20. எதை எடுத்தாலும் உள்ளே இருக்கும் டெபியன் ஒன்றுதான். பிறகு மனம் மாறினால் இன்னொரு டெஸ்க்டாப்பைப் பக்கத்திலேயே நிறுவிக்கொள்ளலாம், அதனால் இந்தத் தேர்வில் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள்.

பதிவிறக்கியதும் கோப்பு முழுமையாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐஎஸ்ஓ இருக்கும் அதே பக்கத்தில் ஷா256 சரிபார்ப்புத் தொகைகள் அடங்கிய சிறு கோப்பு இருக்கும். விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருந்தால், ஐஎஸ்ஓ கோப்பின்மேல் வலது சொடுக்கி ஷா256-ஐக் கணக்கிடலாம். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பலர் தாண்டிப் போய்விடும் படி இது. நிறுவல் பாதியில் புரியாத பிழையோடு நிற்பதற்கு அரைகுறையாக இறங்கிய கோப்பே பல நேரங்களில் காரணமாக இருக்கும்.

பென்டிரைவில் எழுதுதல்

8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் காலி செய்துகொள்ளுங்கள். ஐஎஸ்ஓ-வைச் சும்மா நகலெடுத்துப் போட்டால் வேலைக்கு ஆகாது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். ரூஃபஸ் இடையில் ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்டால் டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். டெபியனின் கோப்புகள் அப்படியே பென்டிரைவில் எழுதுவதற்கென்று தயாரிக்கப்பட்டவை.

எழுதி முடித்தபின் அதே பென்டிரைவை விண்டோஸில் செருகினால், இதை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கக்கூடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பென்டிரைவ் கெட்டுப்போகவில்லை, விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நிறுவாமலே பயன்படுத்திப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. புதிய இயங்குதளம் வந்ததும் ஆர்வத்தில் நேராக நிறுவலுக்குப் போய்விடுகிறோம். அப்புறம் ஒலி வரவில்லை, கேமரா தெரியவில்லை என்று புலம்பல். லைவ் முறையில் நிதானமாக ஒரு மாலை செலவழித்தால் இதில் பெரும்பகுதி முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்த கையோடு பூட் மெனுவுக்கான விசையை அழுத்துங்கள். தயாரிப்பாளரைப் பொறுத்து அது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று மாறும். பட்டியலில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். கணினி துவங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியதில்லை, டெபியன் 10 முதலே அதோடு ஒத்துப்போகிறது. அடுத்து வரும் டெபியன் பட்டியலில் லைவ் என்று தொடங்கும் முதல் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

டெஸ்க்டாப் வந்ததும் முதலில் வைஃபையை இணையுங்கள். ஒரு காணொளியை ஓடவிட்டு ஸ்பீக்கரையும் ஹெட்போனையும் பாருங்கள். மைக்கில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். கேமரா, ப்ளூடூத், திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், டச்பேடில் இரண்டு விரல் உருட்டல் எல்லாம் வேலை செய்கின்றனவா? வெளித்திரை உண்டென்றால் அதையும் செருகுங்கள். பிரிண்டர் ஓரளவு புதியது என்றால் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே அச்சிடும். கடைசியாக, லேப்டாப்பை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். உறக்கத்திலிருந்து எழுவதுதான் லினக்ஸ் லேப்டாப்களில் இன்றைக்கும் சற்றுத் தகராறு செய்யும் இடம், அதனால் இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

இடையில் திரை பூட்டிக்கொண்டு கடவுச்சொல் கேட்டால் திகைக்க வேண்டாம். லைவ் முறையில் பயனர் பெயர் 'யூசர்', கடவுச்சொல் 'லைவ்'. இரண்டையும் ஆங்கிலத்தில், சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

வேகத்தை மட்டும் இங்கே எடைபோடாதீர்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் செயலிகள் மெதுவாகத்தான் திறக்கும். எஸ்எஸ்டியில் நிறுவியபின் அது வேறு மாதிரி இருக்கும்.

நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இப்போதே நினைத்துப் பாருங்கள். இணையம், மின்னஞ்சல், ஆவணங்கள், படம் பார்ப்பது என்றால் எதுவும் குறையாது. லிப்ரே ஆபீஸ் 25.2, படங்களைத் திருத்த கிம்ப் 3.0 எல்லாம் டெபியனிலேயே உண்டு. ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளோ, அடோபியின் ஃபோட்டோஷாப்போ பிழைப்புக்குத் தேவை என்றால் முழுதாக மாறாதீர்கள். விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் டெபியனை நிறுவுங்கள்.

நிறுவுவதற்கு முன் விண்டோஸில் செய்ய வேண்டியவை

முதலில் பேக்கப். உங்கள் ஆவணங்கள், படங்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுத்து, நகலெடுத்த கோப்புகளில் சிலவற்றைத் திறந்தும் பாருங்கள். நகல் இருக்கிறது என்ற நம்பிக்கையும் நகல் திறக்கிறது என்ற உறுதியும் வேறு வேறு.

விண்டோஸை முழுதும் நீக்கப் போகிறீர்கள் என்றால் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். இரண்டையும் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு இன்னும் மூன்று வேலைகள் உண்டு. பல லேப்டாப்களில், டிஸ்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் உங்களுக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். பூட் அமைப்பில் கைவைத்ததும் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டு அது நிற்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் குறியீட்டைத் தேடி, தாளில் எழுதி வைத்துவிட்டு, பிறகு மேலே போங்கள். அடுத்து, பவர் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, தன் டிரைவைப் பாதி திறந்த நிலையிலேயே விட்டுப் போகும். டெபியனிலிருந்து அந்த டிரைவில் எழுதினால் கோப்புகள் சிதையலாம். மூன்றாவது, டெபியனுக்கு இடம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைக் கொண்டு சி டிரைவைச் சுருக்கி, 60 ஜிபியாவது காலியாக விடுங்கள். வேறு கருவிகளைவிட விண்டோஸின் பகிர்வை (டிஸ்கைப் பிரித்த ஒரு பகுதியை) விண்டோஸே சுருக்குவது பாதுகாப்பு.

நிறுவல்

மறுபடி லைவ் டெஸ்க்டாப்புக்கு வந்து 'இன்ஸ்டால் டெபியன்' என்ற செயலியைத் திறங்கள். கலமாரிஸ் என்ற நிறுவி அது. மொழி, நேர மண்டலம், விசைப்பலகை என்று எளிதான கேள்விகள் முதலில் வரும். அவற்றில் நின்று யோசிக்க ஒன்றுமில்லை.

பகிர்வுகள் பக்கத்தில் நிதானியுங்கள். கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் இருந்தால், மேலே சரியான டிஸ்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று அதன் அளவை வைத்துப் பாருங்கள். டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவுவது ஒரு வழி, விண்டோஸ் வேண்டாதவர்களுக்கு அது போதும். இருப்பதை விட்டுவைத்துப் பக்கத்தில் நிறுவுவது இன்னொன்று. நீங்களே பகிர்வுகளை அமைக்கும் வழியும் உண்டு. அதில் போனால் ஒன்றை மறக்காதீர்கள்: ஏற்கெனவே இருக்கும் ஈஎஃப்ஐ பகிர்வை ஃபார்மேட் செய்யக்கூடாது. விண்டோஸைத் துவக்கும் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன.

லேப்டாப் என்றால் குறியாக்கத்துக்கான பெட்டியை டிக் செய்யுங்கள் என்பேன். லேப்டாப் தொலைந்தாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது. ஆனால் அந்தக் கடவுச்சொல்லை நீங்களே மறந்துவிட்டால் மீட்க வழி கிடையாது. எழுதிப் பத்திரப்படுத்த மறக்காதீர்கள்.

நெட்இன்ஸ்ட் வழியாக வருபவர்களுக்கும் ஒரு குறிப்பு. டெபியனின் பழைய நிறுவி நடுவில் ரூட் (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல் கேட்கும். அதைக் காலியாக விட்டால், நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கே சூடோ என்ற கட்டளை வழியாக நிர்வாக உரிமை கிடைக்கும். ஏதாவது தட்டிவிட்டால், ரூட் தனிக் கணக்காகிவிடும், உங்கள் கணக்கில் சூடோ வேலை செய்யாது. இணையத்தில் கிடைக்கும் வழிமுறைகள் பெரும்பாலும் சூடோவை வைத்தே எழுதப்பட்டிருப்பதால், புதியவர்கள் காலியாக விடுவதே நல்லது. நிறுவி இதைத் திரையிலேயே விளக்குகிறது, ஆனால் அந்தப் பத்தியை யாரும் படிப்பதில்லை.

சுருக்கப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டு நிறுவலைத் தொடங்குங்கள். அந்தப் பொத்தானை அழுத்தும்வரை டிஸ்கில் எதுவும் மாறியிருக்காது. அழுத்தியபின் திரும்பி வர முடியாது.

முதல் நாள்

மறுதொடக்கம் ஆகி டெபியன் வந்துவிட்டது. விண்டோஸையும் வைத்திருப்பவர்களுக்கு, துவக்கப் பட்டியலில் அது தெரியாமல் போகலாம். அழிந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். பட்டியலைத் தயாரிக்கும் கிரப், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் வசதியை இப்போது இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் அதை இயக்கலாம். அதுவரை, பென்டிரைவுக்குப் பயன்படுத்திய அதே பூட் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டுக்கும் இடையில் மாறும்போது கடிகாரம் சில மணி நேரம் முன்பின்னாகக் காட்டினால் அதற்கும் காரணம் உண்டு. லினக்ஸ் கணினியின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரத்தில் வைக்கிறது. ஏதாவது ஒன்றை மற்றொன்றின் வழிக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

அடுத்த வேலை, மென்பொருள் செயலியைத் திறந்து புதுப்பிப்புகளை நிறுவுவது. பென்டிரைவில் எழுதிய கோப்பு வெளிவந்தபின் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அதில் இருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்ய, ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். க்னோம் என்றால், அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் உள்ளீட்டு மூலங்களைத் திறந்தால் தமிழ்99, ஒலியியல் உட்படப் பல முறைகள் தெரியும். சூப்பர் விசையோடு இடைவெளி விசையைச் சேர்த்து அழுத்தி மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

என்விடியா கிராஃபிக்ஸ் உள்ளவர்கள், திரை ஒழுங்காகத் தெரிகிறது, கனமான விளையாட்டுகளும் ஆட மாட்டோம் என்றால் எதையும் தொடாதீர்கள். டிரைவர் தேவை என்றால் நிறுவனத் தளத்திலிருந்து இறக்காமல், தனியுரிம மென்பொருள்கள் இருக்கும் நான்-ஃப்ரீ களஞ்சியத்தை இயக்கி டெபியன் தரும் தொகுப்பையே நிறுவுங்கள். கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அதுவும் சேர்ந்து தானே தயாராகிவிடும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அந்த டிரைவருக்கான சாவியைப் பதிவு செய்யும் வேலையும் கூடும்.

பழைய பதிப்பாக இருக்கிறதே?

சில மாதங்கள் போனதும் இந்தக் கேள்வி வரும். நண்பரின் கணினியில் ஒரு செயலியின் புதிய பதிப்பு இருக்கும், உங்களிடம் அதற்கு முந்தையது இருக்கும். டெபியனின் இயல்பு அது. வெளியீட்டுக்குச் சில மாதங்கள் முன்பே எல்லாத் தொகுப்புகளின் பதிப்புகளையும் உறைய வைத்து, பிழைகளை மட்டும் களைந்துகொண்டே வருவார்கள். வெளியான பிறகும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடும், தோற்றமும் நடத்தையும் மாறாது. இணைய உலாவி மட்டும் ஓரளவு விதிவிலக்கு: ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இருப்பதால், அது அவ்வப்போது அடுத்த நிலைக்கு நகரும். நேற்று இருந்த பொத்தான் இன்றும் அதே இடத்தில் இருக்க வேண்டும், காலையில் கணினியைத் திறந்தால் உடனே வேலையைத் தொடங்க வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

ஏதாவது ஒரு செயலியின் புதிய பதிப்பு கட்டாயம் வேண்டும் என்றால் ஃப்ளாட்பேக்கை நிறுவி, ஃப்ளாட்ஹப் களஞ்சியத்தைச் சேர்த்து அங்கிருந்து எடுங்கள். அந்தச் செயலி தனக்குத் தேவையானதைத் தன்னோடே வைத்துக்கொள்ளும், அடித்தளத்தைத் தொடாது. இன்னொரு லினக்ஸான உபுண்டுவுக்கென்று எழுதிய களஞ்சியங்களையோ டெபியனின் சோதனைக் கிளையையோ கொண்டுவந்து கலக்காதீர்கள். அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த புதுப்பிப்பில் ஒன்றை ஒன்று இழுத்து, பிரிக்கவே முடியாத சிக்கலாகும்.

சின்ன மாற்றம் ஒன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டெம்ப் என்ற தற்காலிக அடைவு இந்தப் பதிப்பிலிருந்து இயல்பாக ரேமிலேயே இருக்கிறது. கணினியை அணைத்தால் அதில் இருப்பது போய்விடும். எதையும் பத்திரப்படுத்த அந்த இடத்தை நாடாதீர்கள்.

டெபியன் 12-இல் இருப்பவர்கள்

உங்களுக்குப் பென்டிரைவ் எதுவும் தேவையில்லை, இருக்கும் இடத்திலிருந்தே மேம்படுத்தலாம். 11-இல் இருப்பவர்கள் நேராக 13-க்குத் தாவ முடியாது, 12-க்கு வந்துவிட்டே வர வேண்டும். டெபியன் வெளியிட்டிருக்கும் வெளியீட்டுக் குறிப்புகளின் மேம்படுத்தல் அத்தியாயத்தை முதலில் முழுதாகப் படியுங்கள். வரிசை அங்கே தெளிவாக இருக்கிறது: 12-ஐ முழுதும் புதுப்பிப்பது, வெளிக் களஞ்சியங்களை நிறுத்துவது, களஞ்சியப் பட்டியலில் புக்வார்ம் (12-இன் செல்லப்பெயர்) என்று இருப்பதையெல்லாம் ட்ரிக்ஸி என்று மாற்றுவது, முதலில் சிறிய மேம்படுத்தல், அதன்பின் முழு மேம்படுத்தல்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் பூட் பகிர்வு. கெர்னலும் ஃபர்ம்வேரும் இந்தப் பதிப்பில் நன்றாகவே பெருத்துவிட்டன. பூட் தனிப் பகிர்வாக இருந்தால் அது 768 எம்பியாவது இருக்க வேண்டும், அதில் 300 எம்பி அளவுக்குக் காலியாகவும் இருக்க வேண்டும் என்கிறது அந்தக் குறிப்பு. பழைய நிறுவல்களில் அந்தப் பகிர்வு இதைவிடச் சிறியதாக இருக்க வாய்ப்பு உண்டு. முதலில் பழைய கெர்னல்களை நீக்கிப் பாருங்கள். அதற்கும் இடம் பற்றாவிட்டால், பகிர்வோடு மல்லுக்கட்டுவதைவிட, பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே சுலபம். தொலைவிலிருந்து நிர்வகிக்கும் கணினி என்றால் இன்னும் கவனம் வேண்டும். வலையட்டையின் (நெட்வொர்க் கார்டின்) பெயர் மேம்படுத்தலுக்குப் பின் மாறக்கூடும், மாறினால் பிணையம் எழாது, நீங்கள் உள்ளே நுழையவும் முடியாது. அந்தக் கணினியின் முன்னால் உட்கார ஆள் இருக்கும் நாளாகப் பார்த்து இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.